மக்னீசியம்: பர்கூர் வட்டாரத்தில்

அணு எண் 12 கொண்ட, எடை குறைந்த வெள்ளிநிற உலோகம். 1755இல் ஜோசப் பிளாக் மக்னீசியா என்ற மக்னீசியம் சேர்மம் வேறு, சுண்ணாம்பு வேறு என்று நிறுவினார். 1808இல் ஹம்ப்ரி டேவி மக்னீசியாவிலிருந்து உலோகத்தைப் பிரித்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்க்காரர்களின் உடம்புக்குள் அதற்கு வெகுகாலம் முன்பே ராகிக் களி வழியாக அது போய்க்கொண்டிருந்தது.

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே இரத்தப் பரிசோதனை மட்டும் உடலின் இருப்பை முழுதாகக் காட்டாது. தசை இறுகித் தளரவும், இதயம் சீராகத் துடிக்கவும், முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் இயங்கவும் அது தேவை.

மானாவாரி நிலமான இவ்வட்டாரத்தில் ராகியே நெடுங்காலம் வயிற்றை நிரப்பியது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் 146 மில்லிகிராம் மக்னீசியம். தீட்டிய அரிசியில் சுமார் 19தான். ராகி தோலோடு மாவாகிறது. நெல்லிலோ மக்னீசியத்தின் பெரும்பங்கு தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. ராகியிலுள்ள பைட்டிக் அமிலம் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பது உண்மை. முளைகட்டினாலும், கூழுக்கு மாவைப் புளிக்கவைத்தாலும் அந்த அமிலம் குறையும். ரேஷன் அரிசி பசியை விரட்டியது, சந்தேகமில்லை. ஆனால் களிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதும் அதுதான். 2023 மே மாதம் அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கத் தொடங்கியது. ராகியைக் கொள்முதல் செய்த கிருஷ்ணகிரி அந்த முதற்பட்டியலில் இல்லாதது வேடிக்கைதான்.

தொழிலுக்கான மக்னீசியம் சேலத்து மாக்னசைட் குன்றுகளில் கிடைக்கிறது. 1979இல் தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் தொடங்கப்பட்டது. வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லான மாக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல் அதிலிருந்து வருகிறது.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். கர்ப்பகால இரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வராமல் தடுக்க அதை ஊசியாகப் போடுகிறார்கள். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வலிப்பு அபாயம் பாதிக்கும் மேல் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் உடலில் தேங்கும். அவர்கள் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. பச்சையத்தின் நடுவில் இருப்பதும் இதே தனிமம்தான். அது குறைந்தால் அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். அப்போது விவசாயிகள் அதே எப்சம் உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறார்கள்.