நிலக்கரியும் தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளும்

நிலத்தின்கீழ் மறைந்து கிடக்குஞ் செல்வத்தை மக்கள் அகழ்ந்தெடுத்த வரலாற்றை எழுதுவோர், எடுத்த பொருளின் அளவையும் அதனால் வந்த வருவாயையும் தவறாது குறிப்பர். அவ்வகழ்வினால் ஆறும் மலைச்சாரலும் அடைந்த மாற்றம் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. இக்குறை எத்துணைப் பெரிதென்பதைத் தென் வேல்ஸின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் றொண்டாப் பள்ளத்தாக்கு மரஞ்செறிந்த சாரல்களையுடையதாய், ஆடு மேய்க்குங் குடிகள் சில வாழும் இடமாய் இருந்தது. 1851ஆம் ஆண்டில் ஆயிரத்துக்குங் குறைவாயிருந்த மக்கட்டொகை 1911இல் ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. நீராவிக் கப்பல்களுக்கு உகந்த உயர்தர நிலக்கரியே இதற்குக் காரணம். 1913இல் தென் வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் தொன் நிலக்கரியை ஈந்தன.

இச்செல்வத்தின் மறுபக்கத்தை நிலத்தின் அமைப்பே தோற்றுவித்தது. ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியை ஆறும் இருப்புப்பாதையும் வீட்டு வரிசைகளும் நிரப்பியமையால், கழிவைக் கொட்டுதற்கு மலைச்சரிவே எஞ்சியது. கரியைக் கழுவிய நீர் கலந்து றொண்டா, டாவ் ஆறுகள் கருநிறமாயின. சுரங்கங்கள் மூடப்பட்டபின்னும் தீங்கு ஒழியவில்லை. காற்றுப்பட்டுச் சிதைந்த இரும்புக் கந்தகக் கனியம், கைவிடப்பட்ட சுரங்கத்தில் ஏறிவரும் நீரிற் கரைந்து வெளிவந்து, செங்காவி வண்டலாய் ஓடைப்படுக்கையை மூடுகிறது. அங்கு நீர்ப்பூச்சிகளும் மீன்களும் வாழ்தல் அரிதாகிறது.

ஓடையைப் புறக்கணித்ததன் கொடிய பயன் அபர்வான் என்னும் ஊரில் விளைந்தது. அவ்வூர்க்கு மேலுள்ள ஏழாவது கழிவு மேட்டில் 1958இற் கழிவு கொட்டத் தொடங்கினர். அவ்விடத்து நீரோடை நிலப்படங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் பின்னே கொட்டப்படுங் கழிவினால் ஆபத்துண்டென உள்ளூராட்சிப் பொறியியலாளர் 1963இல் எழுத்து மூலம் எச்சரித்தும் கொட்டுதல் நிற்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாட் காலை, நீரூறிய மேடு சரிந்து பாடசாலையையும் அயல் வீடுகளையும் புதைத்தது. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். எட்மன்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 1967இல் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பாளியெனத் தீர்ப்பளித்தது. கழிவு மேடுகளைக் கட்டுப்படுத்துஞ் சட்டம் 1969இற் பிறந்தது. ஆயினும், எஞ்சிய மேடுகளை அகற்றுஞ் செலவுக்காக, துயருற்றோர்க்கென உலகோர் அளித்த நிதியிலிருந்தே 150,000 பவுண் பெறப்பட்டது. அத்தொகை 1997இலேயே திருப்பியளிக்கப்பட்டது.

றொண்டாவின் இறுதி ஆழ்சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. டாவ் ஆறு தெளிந்தது. சமன் மீன்கள் மீண்டும் அதில் ஏறலாயின. எனினும், 2020 பெப்புருவரிப் பெருமழையில் டைலர்ஸ்டவுனிற் பழைய கழிவு மேடொன்று சரிந்து பள்ளத்தாக்கில் வீழ்ந்தது. ஈட்டிய பொருள் ஒரு தலைமுறையிற் செலவழிந்துபோக, கொட்டிய கழிவு பின்வருந் தலைமுறைகளின் தலைமேல் நிற்கின்றது. ஆதலின் ஒரு தொழிலின் பயனை மதிப்பிடுவோர் சுரங்க வாயிலோடு நில்லாது, அங்கிருந்து இறங்கும் ஓடையையும் தொடர்ந்து சென்று காணல் வேண்டும்.