மூச்சைத் தொடர்ந்த கிரணம்

அந்தமானில், 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற ஹேவ்லாக்கில், கிழக்கு வங்கத்து அகதிகள் காடு திருத்திக் குடியேறிய அதே 1950-களில்தான், கடலுக்கு இக்கரையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தோன்றியது. கதிர்வீச்சு இயந்திரம் இல்லாத அத்தீவின் நோயாளி, படகேறிப் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ பிரயாணம் செய்வது வழக்கமாயிற்று.

அடையாற்றில் கோபால்ட் கிரணம் பாயத் தொடங்கிய அந்நாளில், நுரையீரல் கட்டி எங்கணும் வைத்தியர்களுக்கு ஒரு தனிச் சங்கடமாக இருந்தது. கழுத்திலுள்ள கட்டி, நோயாளி அசையாது படுத்தால் பெரும்பாலும் தானும் அசையாது கிடக்கும். நுரையீரலின் கீழ்மடலில், உதரவிதானத்தை அடுத்து வளர்ந்த கட்டியோ, ஒவ்வொரு சுவாசத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கக்கூடும். ஆகவே அது சஞ்சரிக்கும் எல்லை முழுவதையும், சந்தேகத்துக்கு இன்னும் சிறிது ஓரத்தையும் சேர்த்துக் கிரணத்துக்குள் அடக்கினார்கள். அதனால் வெந்தது நல்ல நுரையீரல். அது தாங்காதென்று அளவைக் குறைத்தாலோ, பிழைத்தது கட்டி.

மீளும் வழியொன்றை 1990-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் லாக்ஸ், பிளோம்கிரென் என்னும் இருவர் காட்டினர். வயிற்றைத் தகட்டால் அழுத்தி மூச்சின் வீச்சைக் குறுக்கி, பெரிய அளவுகளைச் சில தவணைகளிலேயே செலுத்தினர். ஜப்பானியரோ மூச்சை அடக்காமல் அதற்காகக் காத்திருந்தனர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஷிராட்டோவின் குழுவினர், அத்தசாப்தத்தின் பிற்பகுதியில், 2 மில்லிமீட்டர் அளவுள்ள தங்கமணியைக் கட்டியருகே பதித்து, எக்ஸ்ரேயால் விநாடிக்கு 30 முறை அதைக் கண்காணித்து, குறித்த இடத்துக்கு அம்மணி வந்த கணத்தில் மட்டும் கிரணத்தைத் திறந்தார்கள். இச்சரித்திரத்தில் எனக்கு மிக அழகாகத் தோன்றும் ஏடு இதுவே.

அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் ஜான் ஆட்லர் மூளைக்கென வகுத்த சைபர்நைஃப், பிற்பாடு மார்புக்கும் வந்து, எந்திரக் கரத்தால் கட்டியையே பின்தொடர்ந்தது. கரம் சற்றுப் பிந்துமாதலால், மார்பின்மேல் ஒளிரும் சிறு விளக்குகளின் அசைவைக் கொண்டு அடுத்த கணத்து மூச்சை முன்னரே கணிக்க வேண்டும். அச்சத்தோடு படுத்திருப்பவரின் மூச்சு கணக்குக்கு அடங்குமா எனில், அடங்காதபோது எக்ஸ்ரே படம் கொண்டு திருத்திக்கொள்கிறார்கள். 2009-இல் சென்னை அப்போலோவில் இக்கருவி நிறுவப்பட்டது.

சிறிதாக இருக்கையிலேயே கண்டறியப்பட்ட கட்டிக்கு, முன்பு ஆறு வாரம் நீண்ட கதிர்ச்சிகிச்சை இப்போது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அமர்வுகளில் முடிகிறது. கடல் கடந்து வந்து வாடகை அறையில் தங்கும் தீவுவாசிக்கு இது பெரிய அனுகூலம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய்க்கோ இன்றும் ஆறு வாரப் பழைய முறைதான். இருமலைக் காசநோயென்று எண்ணி மாதக்கணக்கில் மருந்துண்டபின் வருவோர் நம் நாட்டில் பலராதலால், அம்முறைக்கு இன்னும் ஓய்வில்லை.