சிங்காநல்லூர் மெட்டு – 3: டைட்டிலில் இல்லாத பெயர்

எலப்புள்ளியில் பிறந்து, நாலு வயதில் தகப்பனை இழந்து, கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் பாட்டுப் படித்த விஸ்வநாதன், நடிகனாகும் ஆசையோடு சினிமாக் கம்பெனியில் நுழைந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கிடைத்ததோ எடுபிடி வேலை.

கோவை உக்கடத்திலிருந்து சுங்கம் வழியாகத் திருச்சி ரோட்டைப் பிடித்தால் சிங்காநல்லூர். 1935இல் அங்கே தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ஜூபிடர் பிக்சர்ஸ் சோமுவும் மொகிதீனும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனான ‘ராஜகுமாரி’ (1947) அங்கே உருவானதுதான். அதில் வசனத்துக்குக் கைகொடுத்தவர் மு.கருணாநிதி. நாளைய முதலமைச்சர்கள் இரண்டு பேர் நடமாடிய அந்த வளாகத்தில் டீ வாங்கிவரும் பையன்களில் ஒருவன் விஸ்வநாதன். இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியம் இருக்கும் அறைப் பக்கமே அவன் கால்கள் போகும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அதே நாற்பதுகளில் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார் டெடி வெதர்போர்டு என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞர். 1945இல் அந்த ஊரிலேயே இறந்தும் போனார். இதுபோலவே பம்பாய் ஓட்டல் பேண்டுகளில் ஜாஸ் வாசித்த கோவாக்காரர்கள் சினிமா இசைக்குழுக்களில் சேர, இந்திப் பாட்டுக்குள் ஜாஸ் நுழைந்தது. தமிழில் அதை உரிமையோடு கையாண்டவர், ‘கௌரவம்’ (1973) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியை ‘அதிசய உலகம்’ பாடவைத்தவர், ‘முகமது பின் துக்ளக்’கில் தானே பாடி அசத்தியவர், அதாவது பின்னாளில் எம்.எஸ்.வி. ஆன நம் விஸ்வநாதன், எந்த ஓட்டல் மேடையிலும் வளரவில்லை. அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் சிங்காநல்லூர்தான்.

‘அபிமன்யு’ படத்துக்குக் கம்போசிங். ஒரு பாட்டுக்கு மெட்டு பிடிபடாமல் நாயுடுவுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து விஸ்வநாதன் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து தனக்குத் தோன்றியதைப் பாடுகிறான். நாயுடு கேட்டுவிடுகிறார். எம்.எஸ்.வி.யே பின்னாளில் சொன்ன கதை இது. திட்டு விழவில்லை. மெட்டு அப்படியே படத்தில் ஏறியது, நாயுடுவின் பெயரில்! யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்ற கட்டளையும் கூடவே வந்தது.

திருட்டு என்று சட்டென்று தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை. எடுபிடிப் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் எந்த முதலாளி அதைக் காதில் வாங்குவார்? நாயுடு போட்ட கணக்கு அது. ஆனாலும், பாராட்டு வந்தபோது வாங்கிக்கொண்டவர் அவர்தானே!

1948இல் படம் வெளிவந்தது. அதே ‘அபிமன்யு’வுக்கு வசனம் எழுதிய கருணாநிதி, திரையில் தன் பெயரைத் தேடினார். ‘ராஜகுமாரி’யின் இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமியின் பெயர்தான் இருந்தது. மனம் கசந்து கோவையை விட்டுத் திருவாரூருக்கே போய்விட்டார். ஆக, ஒரே படத்தில் இரண்டு பெயர்கள் விடுபட்டிருந்தன. எழுத்தாளர் கோபித்துக்கொண்டு கிளம்பினார். பையனுக்கு அந்த வசதி ஏது? நாயுடு வீட்டுச் சோற்றையும் ஆர்மோனியத்தையும் விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. வாயைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் இடி விழுந்தது. ஜூபிடர் கோவையில் கடையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போவதென்று முடிவானது. யாரைக் கூட்டிப்போவது, யாரைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது என்ற பேச்சு எழுந்தது. எடுபிடிப் பையனைச் சென்னை வரைக்கும் எதற்குச் சுமக்க வேண்டும்? விஸ்வநாதன் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் வரிசையில் நின்றான்.

அவனுக்காக வாய் திறக்கக்கூடியவர் ஒருவர்தான். ஆனால் திறந்தால், இத்தனை நாள் தன் பெயரில் ஓடிய மெட்டு தன்னுடையதல்ல என்று முதலாளி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுப்பையா நாயுடு சோமுவைப் பார்க்கப் போனார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: சோமு சொன்ன பதில். சென்னையில் 1952இல் நேர்ந்த ஒரு மரணம், பாதியில் நின்ற படங்கள், அவற்றை முடித்துக்கொடுக்க வந்த இரண்டு பேர்.