ஏலமா, நாற்றங்காலா? தமிழ் தலைவாஸ் சொல்லித் தரும் பாடம்

1/ முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர் பக்கம் பொங்கல் வந்தா ஊருக்கு ஊர் ராத்திரி கபடி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டீம். இவ்வளவு கபடி ஓடுற தமிழ்நாட்டுப் பேர்ல இருக்குற புரோ கபடி அணி ஏன் இன்னும் கோப்பையைத் தொடல? சின்ன வரலாறுதான். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ புரோ கபடி 2014ல 8 அணிகளோட ஆரம்பிச்சது. 2017ல புதுசா 4 அணிகள் வந்தன: தமிழ்நாடு, குஜராத், உ.பி., ஹரியானா. நாம அஜய் தாக்கூரை நம்பி இறங்கினோம். 2016 உலகக் கோப்பையின் நாயகன் அவர். ஆனாலும் நம்ம பிரிவுல கடைசி இடம்.

3/ அதே வருஷம் அதே மாதிரி புதுசா வந்த குஜராத் இறுதிப் போட்டிக்கே போச்சு. 2018லயும் போச்சு. அங்க பெரிய பெயர்கள் குறைவு, ஓடித் திரியுற சின்னப் பசங்க அதிகம். அதுல ஒருத்தர் சச்சின் தன்வர். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருவார்.

4/ நாம என்ன பண்ணோம்? இன்னும் பெரிய பெயர்களைத் தேடினோம். 2019ல ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தோம். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல்னு மூணு பேரும் ஒரே அணியில. போஸ்டர் பிரமாதமா இருந்துச்சு. முடிவு? 12 அணிகள்ல 12வது.

5/ 2022ல அடுத்த பாய்ச்சல். பவன் செராவத்துக்கு 2.26 கோடி. அன்னைக்கு அதுதான் லீக்கோட வரலாற்று ஏலத்தொகை. முதல் ஆட்டத்திலேயே முட்டியில அடி. அதோட அந்த சீசனே அவருக்கு முடிஞ்சு போச்சு.

6/ எல்லாரும் "இந்த வருஷமும் போச்சுடா"ன்னாங்க. ஆனா நடந்தது வேற. நரேந்தர்னு ஒரு புதுப் பையன், முதல் சீசன்லயே 243 ரெய்டு புள்ளி. பின்னாடி சாகர், சாஹில் குலியான்னு இளம் தடுப்பு. நடுவுல பயிற்சியாளர் பொறுப்புக்கு அஷன் குமார் வந்தார். முதல் தடவையா அரையிறுதி! புனேகிட்ட 39-37, வெறும் ரெண்டே புள்ளியில தோத்தோம்.

7/ "அப்போ காசு கொடுத்து ஆள் எடுக்கிறதே தப்பா டாக்டர்?"னு கேப்பீங்க. இல்லைங்க. அதே இளம் பசங்களோட அடுத்த சீசன் ஆடி 9வது இடம்தான் வந்தோம். சின்னப் பசங்க ஒரே சீரா வளர மாட்டாங்க. ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். அதைத் தாங்குற பொறுமை நிர்வாகத்துக்கு வேணும்.

8/ நம்மகிட்ட அந்தப் பொறுமை இல்ல. 2024 ஏலத்துல மறுபடியும் பெரிய விலை: 2.15 கோடி. யாருக்கு? அதே சச்சின் தன்வருக்கு! குஜராத் பையனா இருந்தப்போ வளர்த்தவரை, நாம ஏழு வருஷம் கழிச்சு உச்ச விலையில வாங்கினோம். மறுபடியும் 9வது இடம்.

9/ நம்மளைத் தோற்கடிச்ச புனேவைப் பாருங்க. அவங்களுக்கு 'யுவா பல்டன்'னு சொந்த நாற்றங்கால் இருக்கு. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் எல்லாம் அங்கிருந்து வந்த பசங்க. அந்த அடித்தளம் உறுதியான பிறகு, ஈரான் வீரர் ஷாட்லூயியை 2.35 கோடிக்கு எடுத்தாங்க. 2024 மார்ச் 1ல கோப்பை.

10/ அதே சீசன்ல தெலுங்கு டைட்டன்ஸ், நம்ம பவனை 2.6 கோடிக்கு எடுத்துச்சு. கடைசி இடம். பவன் மேல குறை சொல்லல, அவர் பெரிய ஆட்டக்காரர். ஆனா நாத்து இல்லாத வயல்ல ஒரு தென்னங்கன்னு வச்சா தோப்பு ஆயிடாது.

11/ இப்போ மருத்துவரா ஒரு விஷயம். "வளர்க்கிறது"ன்னா பயிற்சி மட்டும் இல்ல, உடம்பைக் காப்பாத்துறதும் சேர்த்துதான். ஆடும்போது முட்டி திரும்பி "டப்"னு சத்தம் கேட்டு, சில மணி நேரத்துல வீங்கினா, உள்ளே லிகமென்ட் அறுந்திருக்கலாம். எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் அது இல்லைன்னு அர்த்தம் இல்ல. நாட்டுக் கட்டு போட்டு அடுத்த வாரமே இறங்குற பையன், உள்ள இருக்குற ஜவ்வையும் கிழிச்சுக்குவான். கோடி வீரருக்கு பிசியோ இருக்கார். ஊர்ப் பையனுக்கு யார் இருக்கா?

12/ எடைப் பிரிவுக்காக ரெண்டு நாள் பட்டினி கிடக்கிறது, தண்ணி குடிக்காம இருக்கிறது இதெல்லாம் வேண்டாம் தம்பிகளா. அது மயக்கத்துல, சில நேரம் கிட்னி பாதிப்புல கொண்டு போய் விடும்.

13/ நம்மகிட்ட விதை இல்லாம இல்ல. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கபடித் தங்கம் வென்ற இந்திய அணிகள்ல கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தாங்க. ரெண்டு பேரும் ஏலத்துல வந்தவங்க இல்ல, ஊர் மைதானத்துல இருந்து வந்தவங்க.

14/ அதனால பொங்கல் போட்டி நடத்துற அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசுத் தொகையில கொஞ்சம் குறைச்சு, அந்தக் காசுல மேட், ஐஸ் பெட்டி, முதலுதவி தெரிஞ்ச ஒரு ஆள், அவசரத்துக்கு ஒரு வண்டி. தலைவாஸ் எப்போ வளர்க்க ஆரம்பிப்பாங்களோ தெரியாது, நாம இந்தப் பொங்கலுக்கே ஆரம்பிக்கலாம். உங்க ஊர் டீம் பசங்களுக்கு இதை அனுப்புங்க.