கோப்பு ஏன் வீங்கியது? தரவுதளத்தில் படங்கள் புகுந்த கதை

சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்தைச் சுற்றி வெள்ளிக் கொலுசுத் தொழில் நடக்கிறது. கொலுசு வியாபாரத்தில் எடையையும் கூலியையும் எழுதி வைத்தால் மட்டும் போதாது. டிசைனைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் வரும். எடை, கூலி, படம் மூன்றையும் கணினியில் ஒரே கோப்பில் போட்டுவிட்டால் எவ்வளவு வசதி! இந்த ஆசை இங்கே மட்டுமல்ல, உலகமெங்கும் இருந்தது. அதனால் கெட்டுப்போன கோப்புகளும் ஏராளம்.

1980-களில் புழங்கிய டிபேஸ் போன்ற மென்பொருட்கள் எழுத்துக்கும் எண்ணுக்கும் என்றே உருவானவை. 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வந்தது. அதன் அட்டவணையில் 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' என்ற புலம் இருந்தது. படத்தை அதில் ஒட்டினால் திரையில் தெரியும். நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. இதைவிட எளிய வழி உண்டா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சிக்கல் உள்ளே இருந்தது. ஒட்டிய படத்தோடு, அதைத் திரையில் காட்டுவதற்காகச் சுருக்கப்படாத பிட்மேப் நகல் ஒன்றும் பெரும்பாலும் சேர்ந்தே சேமிக்கப்பட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 640 x 480 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தில் புள்ளிக்கு 3 பைட் வீதம் 9,21,600 பைட் ஆகிறது. அதே படம் ஜேபெக் வடிவில் 60 கிலோபைட்டில் அடங்கிவிடக்கூடும். ஆயிரம் டிசைன்களுக்கு 60 மெகாபைட் போதும் என்ற இடத்தில் 900 மெகாபைட்டுக்கு மேல் போகும். ஆக்சஸ் 97-ல் ஒரு கோப்பின் உச்ச வரம்பே 1 ஜிகாபைட்தான்! ஆக்சஸ் 2000-ல் அது 2 ஜிகாபைட் ஆனது. இன்றும் அதே வரம்புதான். படங்களை அழித்தாலும் கோப்பு உடனே சிறுத்துவிடாது. 'காம்பாக்ட்' செய்தால்தான் காலி இடம் திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டிய படம் எந்த மென்பொருளோடு பதிவாகி இருந்ததோ, அந்த மென்பொருளை நம்பியே இருந்தது. ஆபீஸ் 97 முதல் எக்ஸ்பி வரை உடன் வந்த 'போட்டோ எடிட்டர்', ஆபீஸ் 2003-ல் நீக்கப்பட்டது. அதன் பிறகு புதிதாகப் படம் ஒட்டியவர்கள் பலருக்குப் படத்துக்குப் பதில் ஒரு சின்ன ஐகான்தான் தெரிந்தது.

இதற்கான தீர்வு கணக்குப்பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒன்று. பேரேட்டில் யாரும் பில்லை ஒட்டுவதில்லை. வவுச்சர் எண்ணை எழுதிவிட்டு, பில்லைத் தனிக் கட்டில் வைப்பார்கள். அதுபோலப் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். அட்டவணையில் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். படிவத்தில் ஓர் இமேஜ் கண்ட்ரோல் வைத்து, பதிவு மாறும்போதெல்லாம் அந்தப் பெயருக்குரிய படத்தைக் காட்டும்படி சில வரி நிரல் எழுதினால் முடிந்தது. ஃபோல்டரின் முழு முகவரியை ஒவ்வொரு பதிவிலும் எழுதக் கூடாது. ஃபோல்டர் இடம் மாறினால் எல்லாப் படமும் ஒரே நாளில் காணாமல் போகும். அந்த முகவரியை ஒரே ஓர் இடத்தில் வைத்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆக்சஸ் 2007 இந்த நிரலுக்கும் வேலை இல்லாமல் செய்தது. இமேஜ் கண்ட்ரோலை முகவரிப் புலத்தோடு நேரடியாக இணைக்க முடிந்தது. படத்தை பிட்மேப் ஆக்காமல் அப்படியே வைக்கும் 'அட்டாச்மென்ட்' புலமும் வந்தது. ஆனால் 2 ஜிகாபைட் வரம்பு மாறவில்லை. கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் என்றால், சுமார் 500 படங்களிலேயே கோப்பு நிரம்பிவிடும்.

அப்படியானால் படத்தைத் தரவுதளத்துக்குள் வைப்பதே தவறா? 2006-ல் ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பெரிய தரவுதளமான எஸ்க்யூஎல் சர்வரை வைத்து இதைச் சோதித்தார்கள். 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை தரவுதளத்துக்குள்ளும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை வெளியே கோப்பாகவும் இருப்பது நல்லது என்பது அவர்கள் கண்ட முடிவு. இடைப்பட்டவற்றுக்குப் பயன்பாட்டைப் பொறுத்து விடை மாறும்.

வெளியே வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பேரேட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வவுச்சர் கட்டைத் தொலைத்தால் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. பேக்கப் எடுக்கும்போது ஆக்சஸ் கோப்போடு படங்களின் ஃபோல்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.