எக்ஸ்-10: சாவிக்கொத்துல ஒரு அழைப்பு மணி

அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டிக்கிட்டு வந்த ஆபீஸ் சீனியர் ஒருத்தர், ஒரு கறுப்புப் பொட்டியை 500 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். பேரு டபிள்யூ-800 ஆர்எஃப்-32. எக்ஸ்-10 ரிமோட்டுகள் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பிடிச்சு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற ரிசீவர். சாவிக்கொத்து சைஸ்ல ஒரு ரிமோட் இலவச இணைப்பு.

சும்மா நோண்டிப் பார்க்க வாங்கலீங்க. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் தாத்தாவால ராத்திரி தனியா எழுந்திருக்க முடியலை. எங்க மயிலாப்பூர் வீட்டுல கடைசி ரூம்லேர்ந்து அவர் கூப்பிட்டா ஹாலுக்குக் கேட்காது.

அதென்ன பத்து? ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தஸ் என்ற ஊரில் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி, 1970-ல் ஆரம்பித்தது. கால்குலேட்டர் சிப் செய்தவர்கள். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் எக்ஸ் போட்டு ஒரு நம்பர். முதல் எட்டும் கால்குலேட்டர் சிப். ஒன்பதாவது, இசைத்தட்டில் வேண்டிய பாட்டை மட்டும் தேடிப் போடும் பிளேயர். 1975-ல் எடுத்த பத்தாவதுதான் நம்மாளு: தனி ஒயர் இழுக்காமல், வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாகவே விளக்கைப் போடுவது, அணைப்பது. 1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது.

கரண்ட் ஒயர் என்பது ரங்கநாதன் தெரு மாதிரி. மிக்ஸி, மோட்டார், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் கத்திக்கிட்டே இருக்கும். அதில் பேச, மின்னலை பூஜ்யத்தைத் தொடும் கணமாகப் பார்த்து ஒரு மில்லிசெகண்ட் மட்டும் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு. அதுவும் ஒவ்வொரு பிட்டும் ஒருதரம் நேராக, ஒருதரம் எதிராக. போதாததுக்கு மொத்தச் செய்தியும் ரெண்டு தடவை! ரேடியோ ரிமோட்டிலும் கிட்டத்தட்ட இதே புத்திதான்: ஒவ்வொரு பைட்டுக்கும் பின்னால் அதன் எதிர் பைட்.

கரண்ட் சமாச்சாரம் நமக்கு ஒத்துவராது. அமெரிக்க மாட்யூல் 120 வோல்ட், நம்ம 230-ல் சொருகினால் தீபாவளி. எங்க வீடு மூணு ஃபேஸ் வேற. ஒரு ஃபேஸில் போட்ட சிக்னல் அடுத்ததுக்குத் தாவுவது சந்தேகம்தான். ரேடியோ பொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு அடாப்டரும், சீரியலை யூஎஸ்பி ஆக்கும் ஒயரும் வாங்கினதோட சரி.

பட்டனை அமுக்கினேன். ஸ்க்ரீனில் குப்பை. ஒயரை மாத்தினேன், டிரைவரை மாத்தினேன், ரெண்டு ராத்திரி போச்சு. கடைசியில் பார்த்தா நான் 9600 வேகத்தில் கேட்டுக்கிட்டிருக்கேன், அது 4800-ல் பேசிக்கிட்டிருக்கு :-) மாத்தினதும் அமுக்கும்போதெல்லாம் நாலு நம்பர் வந்தது. முதல் ரெண்டைக் கூட்டினேன்: 255. அடுத்த ரெண்டு: 255. எதிர் பைட்டேதான்! புரோகிராமில் சரிபார்க்க இந்தக் கூட்டல் ஒண்ணே போதும்.

2001 வாக்கில் இணையத்தில் மேய்ந்த சீனியர் பதிவர்களுக்கு, ஜன்னலுக்கு அடியில் ஜன்னலாக வந்து உயிரை வாங்கிய எக்ஸ்-10 கேமரா விளம்பரம் நினைவிருக்கலாம். அவங்கதான். 2003-ல் திவால் மனு போட்டாங்க. ரிமோட் பேசும் பாஷை ஊருக்கே தெரிஞ்சிருந்ததால பொட்டி அனாதையாகலை. இன்னிக்கு பைத்தானில் முப்பது வரி எழுதினா புரிஞ்சுக்குது.

ஹாலில் பழைய லேப்டாப்பில் மணிச்சத்தம் வெச்சேன். முதல் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சுது. தடுக்கி விழாத குறையா ஓடினேன்.

"ஒண்ணுமில்லடா, வேலை செய்யறதான்னு பார்த்தேன்" என்றார் தாத்தா.