போனை வாங்கினாலே குழந்தை கத்துதா? '2 நிமிஷம்தான்' என்று சொல்வது ஏன் வேலை செய்வதில்லை?

அவிநாசிபாளையம் மாதிரி திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் வீடு திரும்ப இரவு 8 மணி தாண்டிவிடும். அதுவரை குழந்தை கையில் போன்தான். வந்ததும் வாங்கினால் வீடே ரெண்டுபடும்.

"இன்னும் 2 நிமிஷம்தான் சாமி" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பவர்கள் நிறைய பேர். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளிடம் இந்த எச்சரிக்கை தகராறைக் குறைக்கவில்லை, கூட்டியது! வீடியோ தானாக முடிந்தபோதும், தினமும் ஒரே மாதிரி நிறுத்திப் பழகிய வீடுகளிலும் அழுகை குறைவு. அம்மாவிடம் பேரம் பேசலாம், நின்றுபோன வீடியோவிடம் என்ன பேசுவது?

அதனால் முதலில் யூடியூபில் ஆட்டோபிளேயை ஆஃப் செய்யுங்கள். யூடியூப் கிட்ஸ் செயலியில் டைமரும் இருக்கிறது. "இந்த வீடியோ முடிஞ்சா சோறு" என்பதே தினசரி வழக்கமாகட்டும். பகலில் பார்த்துக்கொள்ளும் அமுச்சி, அப்பாருக்கும் இதைச் சொல்லி வைப்பது முக்கியம். அழுததும் திருப்பிக் கொடுத்தால், நாளைக்கு இன்னும் சத்தமாக அழும்.

சரி, எவ்வளவு நேரம் பார்க்கலாம்? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி, 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். 2 வயதுக்குள் திரையே கூடாது. எப்போதாவது சொந்தக்காரர்களுடன் பேசும் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. கம்பெனி இடைவேளையில் அம்மா கூப்பிட்டால் தாராளமாகக் காட்டலாம்.